பணம் போனது, பயணச்சீட்டு வரவில்லை

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் வங்கிக் கிளைகளுக்கு ஒரே தன்மையுடைய முறையீடுகள் வரத் தொடங்கும். பெங்களூரிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ மும்பையிலிருந்தோ ஊர் திரும்ப இரவுப் பேருந்தில் இடம் பதிவு செய்ய வாடிக்கையாளர் முயன்றிருப்பார். இருக்கையைத் தேர்ந்து, பெயரும் வயதும் நிரப்பி, பணம் செலுத்தும் கட்டத்துக்கு வந்ததும் திரையில் வட்டம் சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும். கணக்கிலிருந்து தொகை கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடும். பயணச்சீட்டு மட்டும் வராது. பதற்றத்தில் அவர் மறுபடியும் பொத்தானை அழுத்துவார். இரண்டாம் முறையும் தொகை கழியும். மறுநாள் காலையில் கிளை திறக்கும்போது வாசலில் நிற்பார்.

வங்கியின் கணினியோ பேருந்து நிறுவனத்தின் கணினியோ தடுமாறியதால் இவ்வாறு நேர்வதுண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விசாரித்துப் பார்த்தால், சிக்கல் பல வேளைகளில் வாடிக்கையாளரின் வீட்டுக் கூடத்திலேயே, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் தூசு படிந்து கிடக்கும் ரவுட்டரில் தொடங்கியிருப்பது தெரியவரும். ஆகவே, பேருந்துப் பயணத்தைப் பற்றிய இக்கட்டுரை பேருந்து நிலையத்தில் தொடங்காமல், பணம் கழிந்த இடத்திலும் வீட்டு வைஃபையிலும் தொடங்குகிறது.

கழிந்த தொகை எங்கே நிற்கிறது?

பயணச்சீட்டாக மாறாத பணம் காணாமற் போவதில்லை. யு.பி.ஐ. வழியே நாம் பணம் செலுத்தும்போது, கோரிக்கை நம் கைபேசிச் செயலியிலிருந்து புறப்பட்டு என்.பி.சி.ஐ. மையத்தை அடைகிறது. அங்கிருந்து நம் வங்கிக்கு வந்து தொகையைக் கழிக்கச் செய்கிறது. பின்னர் பெறுநரின் வங்கியில் வரவு விழுந்து, அதற்கான உறுதி பேருந்து நிறுவனத்தின் கணினிக்குச் சேர வேண்டும். பின் எண்ணை இட்ட கணத்துக்குப் பிறகு நம் கைபேசியின் இணைப்பு அறுந்தாலும், மற்ற இடங்களில் பரிமாற்றம் தன் போக்கில் நடந்துகொண்டுதான் இருக்கும். திரையில் 'தோல்வி' என்று எழுதியிருக்கும்போதே கணக்கில் பற்று விழுந்திருப்பதன் காரணம் இதுவே.

இவ்வாறு நடுவழியில் நின்ற தொகையைத் திருப்புவதற்குப் பாரத ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 நாளிட்ட சுற்றறிக்கையில் கால வரம்பு விதித்தது. யு.பி.ஐ. மூலம் ஒரு தனிநபருக்கு அனுப்பிய தொகை அவர் கணக்கில் சேராவிட்டால், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். வணிக நிறுவனத்துக்குச் செலுத்திய தொகைக்கு உறுதி கிடைக்காவிட்டால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். இணையத்தில் அட்டை எண்ணை இட்டுச் செலுத்துவதற்கும் இதே 5 நாள் வரம்புதான். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு; வாடிக்கையாளர் எழுதிக் கேட்காமலே அது தரப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, 3ஆம் தேதி ரூ.1,450 கழிந்து சீட்டு வரவில்லை என்று கொள்வோம். 8ஆம் தேதிக்குள் பணம் திரும்ப வேண்டும். 12ஆம் தேதிதான் திரும்பியது என்றால் நான்கு நாள் தாமதத்துக்கு ரூ.400 சேர்ந்து வர வேண்டும்.

இவ்வரம்பு, நடுவழியில் நின்ற பணத்துக்கு மட்டுமே உரியது. சீட்டு கிடைத்தபின் நாமே பயணத்தை ரத்து செய்தால், எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்பதைப் பேருந்து நிறுவனத்தின் ரத்து விதிகள் தீர்மானிக்கின்றன. அதில் வங்கி செய்யக்கூடியது எதுவுமில்லை. கிளைக்கு வருவோரில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி வருந்துகின்றனர்.

வட்டம் சுழன்று நின்றுபோனால் செய்ய வேண்டியது, மீண்டும் அழுத்துவதன்று. முதலில் வங்கிச் செயலியிலோ கணக்கு விவரத்திலோ பற்று விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, முன்பதிவுச் செயலியில் 'என் பதிவுகள்' என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். பல வேளைகளில் சீட்டு பதிவாகியிருக்கும், அதற்கான குறுஞ்செய்தி மட்டும் தாமதமாகியிருக்கும். பணம் கழிந்தும் சீட்டு இல்லையெனில், யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அங்கேயே முறையீட்டைப் பதிவு செய்யலாம். அதிலுள்ள 12 இலக்க எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்க. கிளைக்கு வரும்போது அந்த எண் ஒன்று கையில் இருந்தால், அரைமணி நேரத் தேடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ரவுட்டரின் பக்கம்

கைபேசித் திரையின் மேல் விசிறிபோல் தெரியும் வைஃபைக் குறி நிறைந்திருந்தால் இணையமும் நன்றாக இருக்கிறது என்பது பரவலான எண்ணம். அந்தக் குறி, கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ரவுட்டரிலிருந்து வெளியே செல்லும் கம்பி அறுந்திருந்தாலும் குறி நிறைந்தே நிற்கும். ஆகவே கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கண்ணாடி இழை இணைப்பு வைத்திருப்போர் அந்தப் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தாலே போதும். எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்; நம் பெட்டியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை, இணைப்பு தருபவருக்குத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று பார்க்கலாம்: பெட்டிக்குள் செல்லும் மெல்லிய மஞ்சள் இழை, மேசைக்கும் சுவருக்கும் இடையே நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று. அந்த இழை கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும்.

விளக்குகள் ஒழுங்காக இருந்து, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் இணையம் திணறினால், ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து ஏற்றுக. ஒரே ஒரு கைபேசியில் மட்டும் திணறினால், அந்தக் கைபேசியில் வைஃபைப் பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டு இணைக்க வேண்டும். கூடத்தில் நன்றாக இருந்து படுக்கையறையில் திணறினால் சிக்கல் சுவரில் இருக்கிறது.

சுவரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் இப்போது இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் சுவர்களைத் தாண்டிச் சற்றுத் தொலைவு செல்லும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையில் 5-ம், தொலைவான அறைகளில் 2.4-ம் பொருத்தம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2.4 அலைவரிசையில் வேறொரு இடர் உண்டு. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு எல்லாம் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரத்தில் இணைப்பு தடுமாறுவதும் அடுப்பு ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்குவதால்தான்.

ரவுட்டரை மரப்பெட்டிக்குள் பூட்டிவைப்பதும், தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைப்பதும், குளிர்சாதனப் பெட்டிக்கும் மீன்தொட்டிக்கும் அருகில் வைப்பதும் பலர் வீடுகளில் காணும் வழக்கம். உலோகமும் நீரும் அலைகளைத் தடுப்பவை. வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே சரி. அழகு சற்றுக் குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய வீடாயின், அலையைப் பிடித்து மறுபடி ஒலிபரப்பும் சிறு கருவிகளை வாங்கி ஏமாறுவதைவிட, ஒரு கம்பியை இழுத்து மறுகோடியில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைப்பது நிலையான தீர்வு என்பது எமது கருத்து. மின்தடை மிகுந்த இடங்களில், ரவுட்டருக்கென்றே விற்கப்படும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். வாங்கிவைப்பது நல்லது. பதிவு பாதியில் நிற்பதை அது ஒன்றே தவிர்க்கும்.

இணையம் நன்றாக இருந்தும் வங்கிச் செயலி மட்டும் திறக்காத நேர்வுகள் தனி. கைபேசியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால், வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றி, தளம் திறக்க மறுக்கும். வி.பி.என். இயங்கிக்கொண்டிருந்தாலும் பல வங்கிச் செயலிகள் நின்றுவிடும். ஓ.டி.பி. வராததற்கு வைஃபையைக் குறை சொல்வதில் பொருளில்லை. அது கைபேசிச் சேவை நிறுவனத்தின் வழியே வரும் குறுஞ்செய்தி. வீட்டின் உள்ளறையில் வைஃபை நிறைந்திருந்தும் கைபேசிச் சமிக்ஞை இல்லையென்றால் ஓ.டி.பி. வராது, சாளரத்தருகே சென்றால் வந்துவிடும்.

இத்தனையும் சரிபார்க்க நேரமில்லாமல், பேருந்தில் கடைசி இரண்டு இடங்கள் மட்டும் மீந்திருக்கும் வேளையும் வரும். அப்போது வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசித் தரவிலேயே பதிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவை இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். பணம் செலுத்தும் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், இணைப்பு அறுவதை நாமே செய்தவர்களாவோம்.

ரவுட்டர் வந்த நாளில் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லையே இன்றும் வைத்திருப்போர் அதை மாற்றிவிடுக. விருந்தினருக்கென்று தனி வைஃபைப் பெயர் வைக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. உறவினர் பிள்ளைகளின் கைபேசிகள் எல்லாம் நம் கணக்கு திறக்கும் அதே வலையில் இருக்க வேண்டியதில்லை.

தேடிக் கிடைத்த எண்

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரையிலேயே மிக முக்கியமானது. பணம் கழிந்து சீட்டு வராத ஒருவர், அல்லது பேருந்து ரத்தாகிப் பணம் திரும்பாத ஒருவர், இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறார். முதலில் தோன்றும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கக்கூடும். எங்கள் கிளை ஒன்றின் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இவ்வாறு ரூ.1,100-ஐத் திரும்பப் பெற ஓர் எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த பணிவோடு, 'அம்மா, பணத்தை உடனே போட்டுவிடுகிறோம்' என்று சொல்லி, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னார். அது அவர் கைபேசித் திரையை மறுமுனையில் இருப்பவர் பார்க்க வழிசெய்யும் செயலி. 'சரிபார்ப்புக்காக' பத்து ரூபாய் அனுப்பச் சொன்னார். அவர் பின் எண்ணை அழுத்தியதை மறுமுனை பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் ரூ.48,000 போயிற்று.

அம்மையார் அன்று ஒரு நற்செயல் செய்தார். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல், குறுஞ்செய்தி வந்த உடனே மகளிடம் சொன்னார். மகள் 1930 என்னும் எண்ணை அழைத்தார். பின் வங்கியை அழைத்தார். தொகையில் ஒரு பகுதி, மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வெளியேறும் முன்பே முடக்கப்பட்டது. இணையப் பணமோசடிகளைத் தெரிவிப்பதற்கென்றே மத்திய அரசு நடத்தும் எண் 1930. நாள் கழித்து அழைத்தால் பணம் பல கணக்குகளைக் கடந்து போயிருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்கு உள்ள மதிப்பு பிறகு இல்லை.

சட்டநிலையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பொறுப்பைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இரகசிய எண்ணை நாமே பிறரிடம் வெளிப்படுத்தியதால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நம்முடையது. தெரிவித்த கணத்துக்குப் பின் நிகழும் இழப்பு வங்கியினுடையது. ஆகவே எப்போது தெரிவித்தோம் என்பதற்கான சான்று, அதாவது முறையீட்டு எண், மிகத் தேவை. அதைக் கேட்டுப் பெறாமல் தொலைபேசியை வைக்கக் கூடாது.

பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை. திரும்பி வரும் பணம் எந்த வழியில் சென்றதோ அதே வழியில், யாரும் எதையும் அழுத்தாமல் வந்து சேரும். சேவை எண் வேண்டுமானால் அந்தச் செயலிக்குள்ளேயோ, அட்டையின் பின்புறத்திலோ, பயணச்சீட்டிலோ பார்த்துக்கொள்க.

பேருந்து ஏறும் முன்

இரவு 12 மணிக்குப் பின் புறப்படும் பேருந்தில் தேதி தவறிப் பதிவு செய்வோர் ஏராளம். 14ஆம் தேதி இரவு என்று நாம் பேச்சில் சொல்லும் 12.15 மணிப் பேருந்து, கணினிக்கு 15ஆம் தேதிப் பேருந்து. பேருந்து நிலையத்தில் நின்ற பிறகு தெரிந்தால் கட்டணம் திரும்பாது. ஏறும் இடமும் அப்படியே. பெங்களூரில் மெஜஸ்டிக், மடிவாளா, எலெக்ட்ரானிக் சிட்டி என்றும், ஐதராபாத்தில் மியாப்பூர், குக்கட்பள்ளி, லக்டி கா புல் என்றும் ஒரே பேருந்து பல இடங்களில் நிற்கும். ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் வேறு. பணம் செலுத்தும் பக்கத்தில், நாம் கேட்காமலே காப்பீடு அல்லது நன்கொடை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வாறு ஓசையின்றிச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் 30 வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. எனினும் கண்ணில் பட்டால் குறியை நீக்குவது நம் வேலையே.

முதுகுவலி உள்ளோர் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையைத் தவிர்த்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இடம் தேடுவது நல்லது. அதைவிட முக்கியமானது, ஏறியவுடன் அவசர வழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பெங்களூர் – ஐதராபாத் சாலையில் 2013 அக்டோபர் 30 அன்று மகபூப்நகர் மாவட்டத்துப் பாலெம் அருகே ஒரு பேருந்து எரிந்து 45 பேர் மாண்டனர். 2025 அக்டோபர் 24 அதிகாலையில் கர்நூல் அருகே, அதே வழித்தடத்தில், படுக்கைப் பேருந்து ஒன்று தீப்பற்றி 19 பயணிகள் உயிரிழந்தனர். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இருளிலும் புகையிலும் வழி தேட நேரமிருக்காது. தன் படுக்கையிலிருந்து அவசரக் கதவு எத்தனையாவது வரிசை என்பதைத் தொட்டு எண்ணிவைத்துக்கொள்ள வேண்டும். சுத்தியல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் நடத்துநரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டா. கண்ணாடியை நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. மூலையில் அடிக்க வேண்டும். புகை மேலே சூழும் என்பதால் குனிந்து நகர வேண்டும். பையைத் தேடக் கூடாது.

பையைத் தேடாமல் இறங்க மனம் வர வேண்டுமானால், தேவையானவை உடலோடு இருக்க வேண்டும். இங்கேதான் வங்கி அலுவலர்களாகிய நாங்கள் மறுபடியும் குறுக்கிடுகிறோம். பணத்தையும் அட்டையையும் ஒரே பணப்பையில் வைக்காமல் இரண்டு இடங்களில் பிரித்து வைக்கலாம். நெடுஞ்சாலை உணவகங்களில் சமிக்ஞை கிடைப்பது அரிது. சில்லறை நோட்டுகள் கட்டாயம். யு.பி.ஐ. லைட்டில் முன்கூட்டியே தொகை ஏற்றிவைத்தால், ரூ.1,000 வரையிலான சிறு தொகைகளைப் பின் எண் இல்லாமல் செலுத்தலாம். அதில் மொத்தம் ரூ.5,000 வரை வைக்கலாம். தரவு இணைப்பே இல்லாமல் வெறும் சமிக்ஞை மட்டும் இருந்தால், வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# அழுத்தி ரூ.5,000 வரை அனுப்பும் வழியும் உண்டு. முன்பே ஒருமுறை வீட்டில் செய்து பார்த்துக்கொள்வது நலம். கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். சதுரத்தின்மேல் வேறொரு சதுரம் ஒட்டப்பட்டிருக்கலாம். திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பின் எண்ணை இடுக.

பேருந்தில் இலவச வைஃபை இருந்தால் திரைப்படம் பார்க்கலாம். வங்கிக் கணக்கைத் திறக்கக் கைபேசித் தரவே போதும். அந்த வைஃபையில் நுழைய அட்டை எண் கேட்டால் உடனே வெளியேறிவிடுக. இருக்கையருகே உள்ள யு.எஸ்.பி. துளையில் நேரடியாகக் கைபேசியைச் சொருகுவதைவிடச் சொந்த மின்வங்கி ஒன்றை எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

உறங்கும் முன் கைபேசியில் செய்யத்தக்கவை இரண்டு. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அமைத்துவிட வேண்டும். இல்லையெனில் கைபேசியை எடுத்தவர் பூட்டைத் திறக்காமலே ஓ.டி.பி.-யைப் படித்துவிடுவார். அடுத்து, சிம் அட்டைக்குத் தனிப் பூட்டு எண் இட வேண்டும். திருடர் முதலில் செய்வது சிம்மைக் கழற்றி வேறொரு கைபேசியில் போடுவது; பூட்டு எண் இருந்தால் அங்கேயே அவர் நின்றுவிடுவார். இந்த எண்ணை மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கிவிடும் என்பதால் கவனமாக அமைக்க வேண்டும். *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துவைத்தால், கைபேசி தொலைந்தபின் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தக் கருவியையே முடக்கலாம்.

தொலைந்தது தெரிந்த உடனே சகபயணியின் கைபேசியை வாங்கி முதலில் வங்கியையும், அடுத்துச் சிம் நிறுவனத்தையும் அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வங்கியின் முடக்கும் எண் இரவிலும் இயங்கும். ஆனால் கைபேசி போனபின் எந்த எண்ணும் நினைவில் இருப்பதில்லை. ஆகவே சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு தாள் இருக்கட்டும்: வங்கியின் எண், சிம் நிறுவனத்தின் எண், 1930, அவசர உதவிக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஐ.எம்.இ.ஐ. எண், வீட்டில் ஒருவருடைய எண், இரத்த வகை. பின் எண்ணை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டா.